புயல் காற்றில் கூடாரமும் கேரவனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி விடுமுறை தொடங்கியதும் பிரிட்டனில் வாழும் நம் குடும்பங்கள் பலவும் வேல்ஸ், கார்ன்வால், லேக் டிஸ்ட்ரிக்ட், ஸ்காட்லாந்து என்று கூடாரத்தையோ, காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டுவண்டியான கேரவனையோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகின்றன. எட்டு ஆண்டுகள் கூடாரத்திலும் அதன் பிறகு கேரவனிலும் தங்கிவரும் எங்களிடம், புதிதாகக் கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகளையும் எங்களுக்குத் தெரிந்த விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். புயலைச் சமாளிக்கும் வேலையில் பெரும்பகுதி, காற்று எழும்புவதற்கு முன்பே, பகல் வெளிச்சத்தில் முடிந்துவிட வேண்டியது. விடைகள் பலவும் அதைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

கோடை விடுமுறையில் போகிறோம். அப்போதும் புயல் வருமா?

வரும். பிரிட்டனின் வானிலைத் துறையான மெட் ஆபிஸ் 2015ஆம் ஆண்டிலிருந்து அயர்லாந்தின் வானிலைத் துறையோடு சேர்ந்து புயல்களுக்குப் பெயர் வைத்துவருகிறது. அந்தப் பட்டியலில் ஆகஸ்ட் மாதப் புயல்கள் குறைவல்ல. 2020 ஆகஸ்டில் எல்லன், பிரான்சிஸ் என்று ஒரே வாரத்தில் இரண்டு வந்தன. 2023 ஆகஸ்டில் ஆன்டனியும் பெட்டியும், 2024 ஆகஸ்டில் லிலியனும், 2025 ஆகஸ்டில் ஃபுளோரிஸும் வந்தன. குளிர்காலப் புயலைவிடக் கோடைப் புயல் வேகத்தில் குறைந்ததாகவே பெரும்பாலும் இருக்கும். ஆனால் அப்போதுதான் முகாம் திடல்கள் நிரம்பியிருக்கின்றன. மரங்களும் இலை அடர்ந்து நிற்பதால் காற்றை முழுமையாக வாங்கிக்கொள்கின்றன. குளிர்காலத்தில் வெறும் கிளையாக இருந்து தப்பிக்கும் மரம், ஆகஸ்டில் அதே காற்றில் கிளை முறிந்து விழலாம்.

மஞ்சள் எச்சரிக்கை என்றால் பயப்பட வேண்டாம், சிவப்பு வந்தால்தான் ஆபத்து என்கிறார்கள். சரியா?

அப்படிப் புரிந்துகொள்வது தவறு. மெட் ஆபிஸ் எச்சரிக்கைகளின் மஞ்சள், அம்பர் (செம்மஞ்சள்), சிவப்பு என்னும் நிறங்கள் காற்றின் வேகத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்கப்படுபவை அல்ல. பாதிப்பு எவ்வளவு பெரியதாக இருக்கும், அது நிகழ்வதற்கான வாய்ப்பு எவ்வளவு என்னும் இரண்டையும் சேர்த்துப் பார்த்தே நிறம் கொடுக்கிறார்கள். ஆகவே, பெரிய பாதிப்புக்குச் சிறிய வாய்ப்பு இருந்தாலும் மஞ்சள்தான் வரும். எச்சரிக்கையைத் திறந்து, பாதிப்பையும் வாய்ப்பையும் காட்டும் கட்டத்தையும் விளக்கத்தையும் படித்தால் எந்த வகை மஞ்சள் என்பது தெரிந்துவிடும். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: அந்த எச்சரிக்கைகள் செங்கல் வீட்டில் வாழ்பவர்கள் உட்பட எல்லோருக்குமாகத் தயாரிக்கப்படுபவை. துணிக்குள் உறங்குகிறவர்கள் காற்றுக்கான மஞ்சள் எச்சரிக்கையை அம்பராகவே எடுத்துக்கொள்வது நல்லது.

எந்த வேகத்துக்கு மேல் கூடாரத்தில் தங்கக் கூடாது?

முன்னறிவிப்பில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று சராசரி வேகம். மற்றொன்று திடீர் வீச்சின் வேகம். கூடாரத்தைக் கிழிப்பது வீச்சுதான் என்பதால் இரண்டாவது எண்ணையே பார்க்க வேண்டும். காற்று துணியின் மீது செலுத்தும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 20 மைல் காற்று 40 மைலாக உயர்ந்தால் விசை இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. 50 மைலானால் ஆறு மடங்கைத் தாண்டிவிடுகிறது. "நேற்றைய காற்றைத் தாங்கியது, இன்று கொஞ்சம்தானே அதிகம்" என்னும் கணக்கு பொய்த்துப்போவது இதனால்தான்.

எங்கள் வீட்டில் கடைப்பிடிக்கும் வரம்பைச் சொல்கிறேன். வீச்சு மணிக்கு 25 மைலைத் தொடும் என்றால் எல்லாக் கயிறுகளையும் கட்டி, வெளியே கிடப்பவற்றை உள்ளே வைத்துவிடுவோம். 35 மைல் என்றால் கூடுதல் முளைகளும் அடித்து, இரவு காருக்குள் மாறுவதற்கு எல்லாவற்றையும் தயாராக வைத்திருப்போம். 40 மைலைத் தாண்டும் என்றால், பெரிய குடும்பக் கூடாரத்தைப் பகலிலேயே பிரித்துவிட்டு வீட்டுக்கோ அருகிலுள்ள விடுதிக்கோ போய்விடுவோம். மலையேறுகிறவர்களின் சிறிய, தாழ்ந்த கூடாரங்கள் இதைவிடக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் நாம் வாங்குவது ஆறு பேர் நின்று நடமாடக்கூடிய, சுவர்போல உயர்ந்த கூடாரம். காற்றுக்கு அது பாய்மரம்தான்.

இந்த எண்ணை வீட்டிலிருந்து கிளம்பும்போதே எல்லோரும் கூடி முடிவு செய்துகொள்ளுங்கள். திடலில் போய் நின்றுகொண்டு, கொடுத்த பணத்தையும் பிள்ளைகளின் முகத்தையும் பார்த்தபடி முடிவெடுத்தால், தங்கிவிடலாம் என்றுதான் தோன்றும்.

கூடாரத்தை எந்த இடத்தில் அமைப்பது?

கடலைப் பார்த்த மேட்டு முனை மாலையில் மிக அழகாக இருக்கும். காற்று எழுந்தால் அதைப்போல் மோசமான இடம் வேறில்லை. 2022 பிப்ரவரி 18 அன்று யூனிஸ் புயலின்போது வைட் தீவின் மேற்கு முனையான நீடில்ஸில் மணிக்கு 122 மைல் வீச்சு பதிவானது. இங்கிலாந்தில் அளக்கப்பட்ட வீச்சுகளில் அதுவே மிக உயர்ந்தது. அதே நாளில் உள்நாட்டில் பதிவான வேகங்கள் அதைவிட வெகுவாகக் குறைந்திருந்தன. ஒரே புயல்தான், இடம்தான் வேறு.

பிரிட்டனில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வருகிறது. ஆகவே தென்மேற்கே அடர்ந்த புதர்வேலியோ சரிவோ இருக்கும் இடத்தைக் கேளுங்கள். கெட்டிச் சுவரைவிட வேலி மேலானது. சுவரைத் தாண்டும் காற்று மறுபுறம் சுழன்று அடிக்கும், வேலி காற்றைச் சல்லடைபோல வடிகட்டி விடும். பெரிய மரத்தின் கீழும், திடலின் மிகத் தாழ்ந்த மூலையிலும், ஓடையை ஒட்டியும் அமைக்க வேண்டாம். ஓரிடத்தில் மட்டும் புல் மிகப் பசுமையாகவும் மிதித்தால் பொதுக்கென்றும் இருந்தால், மழைநீர் வந்து தேங்கும் இடம் அதுதான்.

முளைகளையும் கயிறுகளையும் எப்படிக் கட்டுவது? எங்கள் கூடாரத்தோடு வந்த முளைகள் போதுமா?

பெரும்பாலும் போதாது. கூடாரத்தோடு கொடுக்கப்படும் மெல்லிய கம்பி முளைகள் வெயில் நாளுக்கானவை. மழையில் ஊறிய மண்ணில் அவற்றை ஒரு விரலால் மேலே இழுத்துவிடலாம்; ஒருமுறை இழுத்துப் பாருங்கள், அதன் பிறகு நான் சொல்ல வேண்டியதில்லை. புல்தரைக்கு நீளமான, குறுக்குவெட்டு ஆங்கில வி வடிவில் இருக்கும் முளைகளும், கல் கலந்த தரைக்குத் தடித்த இரும்பு முளைகளும், மணலுக்கு அகன்ற பட்டை முளைகளும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்திருக்கும்படி, கயிறு இழுக்கும் திசைக்குக் குறுக்கே அடிக்க வேண்டும். தலையைக் கூடாரத்தை நோக்கிச் சாய்த்து அடித்தால், ஒவ்வொரு வீச்சும் முளையை அதே வழியில் உருவி எடுக்கும். கயிறு, அது தொடங்கும் இடத்திலுள்ள தையலின் நேர்கோட்டிலேயே நீண்டு செல்ல வேண்டும். பக்கவாட்டில் இழுத்துக் கட்டினால் விசை முழுவதும் துணியின் ஒரு புள்ளியில் விழுந்து, கிழிசல் அங்கிருந்து தொடங்கும். காற்று வரும் பக்கத்திலுள்ள முக்கியக் கயிறுகளுக்கு ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு முளைகள் அடிப்பது நல்லது.

சுரங்க வடிவக் கூடாரமாக இருந்தால், அதன் தாழ்ந்த பின்புறம் காற்றைப் பார்த்திருக்க வேண்டும். வாசல் ஒருபோதும் காற்றைப் பார்க்கக் கூடாது. காற்று உள்ளே புகுந்தால் கூடாரம் பலூனாக உப்பி, முளைகளோடு மேலே எழும்பும்.

பலர் அறியாத ஒன்று: நைலான் துணி நனைந்தால் நீளும். மாலையில் வீணைத் தந்திபோல இழுத்துக் கட்டியிருந்த கூடாரம், இரண்டு மணி நேர மழைக்குப் பின் தொய்ந்து படபடக்கத் தொடங்கும். அந்தப் படபடப்புதான் தையலைப் பிரிக்கிறது, கொக்கியைத் தெறிக்க வைக்கிறது. உறங்கப்போகும் முன் தலைவிளக்கை மாட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்து, எல்லாக் கயிறுகளையும் மீண்டும் இறுக்குவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கேரவனில் இருக்கிறோம். நாங்களும் கவலைப்பட வேண்டுமா?

கேரவன் கனமானதுதான், அதன் பக்கவாட்டில் கட்டும் ஆனிங் என்னும் துணிப்பந்தல் அப்படியல்ல. கேரவன் பயணங்களில் காற்றால் வரும் சேதங்களில் நான் பார்த்தவை ஏறக்குறைய எல்லாமே ஆனிங்கில் தொடங்கியவைதான். பிடுங்கிக்கொண்ட ஆனிங் கூரைமேல் புரண்டு கேரவனின் சுவரைச் சுரண்டும். கம்பம் பறந்துபோய் அடுத்த குடும்பத்தின் சன்னலில் விழும். சுருட்டி இழுக்கும் வகையாக இருந்தால், வெளியே போகும்போதும் உறங்கும்போதும் சுருட்டிவிடுங்கள். முழு ஆனிங்காக இருந்தால் புயல் பட்டைகளைக் குறுக்கே போட்டு இரு பக்கமும் இறுக்குங்கள். வீச்சு மணிக்கு 35 மைலுக்கு மேல் என்ற முன்னறிவிப்பு வந்ததும், காற்று எழும்புவதற்கு முன்பே இறக்கிவிடுங்கள். காற்று எழுந்த பின் இறக்க நான்கு பேர் வேண்டும், அப்போதும் யாருக்காவது அடிபடும்.

கேரவனைப் பக்கவாட்டில் அடிக்கும் காற்றே அதிகம் ஆட்டும் என்பதால், இடமும் திடலின் விதிகளும் அனுமதித்தால் அதன் குறுகிய முகம் காற்றைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். நான்கு மூலைகளின் தாங்குகால்கள் தரையில் உறுதியாக ஊன்றியிருக்க வேண்டும். கூரைச் சன்னல்கள் பூட்டப்பட்டிருக்க வேண்டும். காரைக் காற்று வரும் பக்கத்தில் நிறுத்தினால் ஓரளவு மறைப்புக் கிடைக்கும். தண்ணீர் உருளையை நிரப்பி வையுங்கள். 40 லிட்டர் உருளை நிரம்பினால் 40 கிலோ, காலியாக இருந்தால் திடலெங்கும் உருண்டோடும்.

காற்று அடிக்கும்போது கேரவனை இழுத்துக்கொண்டு சாலையில் போகலாமா?

இயன்றவரை வேண்டாம். ஒரு நாள் தாமதமாக வீடு திரும்பியதால் யாருக்கும் எதுவும் ஆகிவிடவில்லை. பக்கக் காற்றில் கவிழ்ந்த கேரவன்களை நெடுஞ்சாலை ஓரத்தில் பார்த்திருக்கிறேன். போயே ஆக வேண்டும் என்றால், முதலில் பாலங்களைப் பாருங்கள். லண்டனிலிருந்து வேல்ஸுக்குப் போகிறவர்கள் எம்48 சாலையின் பழைய செவர்ன் பாலத்தைவிட, காற்றுத் தடுப்புகள் உள்ள எம்4 சாலையின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் பாலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். லண்டனுக்குக் கிழக்கே தேம்ஸ் நதியைக் கடக்கும் டார்ட்ஃபோர்டின் இரண்டாம் எலிசபெத் பாலம் பலத்த காற்றில் மூடப்படும். வாகனங்களைச் சுரங்கப்பாதை வழியே திருப்பிவிடுவார்கள். பென்னைன் மலையைக் கடக்கும் ஏ66 சாலையும் பக்கக் காற்றுக்குப் பெயர்பெற்றது.

கேரவன் இழுக்கும் காருக்கு இரட்டைச் சாலையிலும் நெடுஞ்சாலையிலும் மணிக்கு 60 மைல், ஒற்றைச் சாலையில் 50 மைல் என்பது சட்டப்படியான உச்ச வரம்பு. அது நல்ல வானிலைக்கானது. காற்றில் அதைவிடக் குறைவாகவே போங்கள். கனமான பொருள்களைச் சக்கர அச்சுக்கு மேலே, தரையை ஒட்டி அடுக்குங்கள். அரிசி மூட்டையையும் கிரைண்டரையும் கேரவனின் பின்கட்டில் ஏற்றுவதைப் போன்ற தவறு வேறில்லை. இணைப்புக் கொக்கியின் மீது விழும் முன்பாரம், கேரவனின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதமாக, காரும் கொக்கியும் அனுமதிக்கும் அளவுக்குள் இருக்க வேண்டும்.

பெரிய லாரியைக் கடக்கும் கணத்தில் காற்று சட்டென நின்று, கடந்ததும் மீண்டும் அறையும். அப்போது கேரவன் பாம்புபோல் நெளியத் தொடங்கினால், முடுக்கியிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் தானாகக் குறையும்வரை காத்திருங்கள். பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. எதிர்த்துத் திருப்பவும் கூடாது. வேகத்தைக் கூட்டிச் சரிசெய்யவும் முயலக் கூடாது.

மழை விடவில்லை. கூடாரத்துக்குள் அடுப்பை வைத்துச் சமைக்கலாமா?

இந்த ஒரு விடையை மட்டுமாவது வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

கூடாரத்துக்குள்ளோ ஆனிங்குக்குள்ளோ கேரவனுக்குள்ளோ கரி அடுப்பைக் கொண்டுவரவே கூடாது. எரிந்துகொண்டிருந்தாலும் கூடாது, அணைந்துவிட்டதாகத் தோன்றினாலும் கூடாது. அணைந்ததுபோல் சாம்பல் பூத்துக் கிடக்கும் கரியிலிருந்தும் பல மணி நேரம் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் அமர வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. பிரிட்டனின் முகாம்களில் குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று சூடு மிச்சமிருந்த அடுப்பை உள்ளே வைத்துக்கொண்டு உறங்கிய குடும்பங்களில் உயிர்கள் போயிருக்கின்றன. அது நடப்பது நல்ல வானிலையில் அல்ல. மழையும் குளிருமாக இருக்கும் இரவில், வாசலையும் துளைகளையும் எல்லாம் அடைத்துக்கொள்ளும் நேரத்தில்தான்.

எரிவாயு அடுப்புக்கும் இது பொருந்தும். கூடாரத்துக்குள் சமையல் வேண்டவே வேண்டாம். தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. கேரவனில் பொருத்தப்பட்ட அடுப்பில் சமைக்கலாம், ஆனால் கூரைச் சன்னலைத் திறந்து வைத்து, சமையலுக்கு மட்டும். அறையைச் சூடாக்க அதை எரிக்கக் கூடாது. கேரவனின் தரையிலும் கீழ்ப்பகுதியிலும் சிறு துளைகள் இருக்கும். குளிர்காற்று வருகிறதே என்று அவற்றில் துணியை அடைத்துவைத்திருந்த குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். அவை ஓட்டைகள் அல்ல. கசியும் எரிவாயு வெளியேறவும் புதிய காற்று உள்ளே வரவும் வேண்டுமென்றே வைக்கப்பட்டவை.

இஎன் 50291-2 தரக்குறி உள்ள கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். அலாரம் இருக்கிறது என்பதற்காக மேலே சொன்னவற்றைத் தளர்த்த வேண்டாம். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், காரணமில்லாத அசதி ஆகியவை ஒருவருக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே நேரத்தில் வந்தால், மழையானாலும் எல்லோரையும் வெளியே கொண்டுவந்துவிட்டு, அவசர உதவி எண்ணான 999ஐ அழையுங்கள்.

மழை நாளுக்கு என்ன சாப்பிடுவது என்பதையும் முன்பே திட்டமிடலாம். நாங்கள் புளியோதரையும் சப்பாத்தியும் வறுத்த கடலையும் எடுத்துப்போவோம். பிளாஸ்கில் வெந்நீர் இருந்தால் தேநீருக்கும் குழந்தைகளின் பாலுக்கும் அதுவே போதும்.

இடி மின்னல் வந்தால்?

கூடாரம் மின்னலிலிருந்து எந்தப் பாதுகாப்பும் தராது. உலோகக் கூரையுள்ள காருக்குள் போய்க் கண்ணாடிகளை ஏற்றிக்கொள்ளுங்கள். மின்சாரம் உலோகக் கூட்டின் வெளிப்புறமாகவே ஓடித் தரைக்குச் சென்றுவிடும். கேரவன்களில் சிலவற்றின் உடல் அலுமினியம், சிலவற்றுடையது கண்ணாடியிழை. உங்களுடையது எது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் காரே மேல். மின்னலைக் கண்டபின் இடி கேட்கும்வரை எண்ணுங்கள்; மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது வினாடிக்குள் கேட்டால் உடனே காருக்குப் போக வேண்டும். கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் கழித்தே வெளியே வர வேண்டும்.

ஓடை அருகே தங்கியிருக்கிறோம். இங்கே மழையே பெய்யவில்லை. வெள்ளம் வருமா?

நீங்கள் நிற்கும் இடத்தில் மழை பெய்ய வேண்டியதில்லை. 2004 ஆகஸ்ட் 16 அன்று கார்ன்வாலின் பாஸ்காசில் கிராமத்தில், பின்னாலுள்ள மேட்டு நிலத்தில் கொட்டிய மழை செங்குத்தான பள்ளத்தாக்கு வழியே சில மணி நேரத்தில் இறங்கி வந்து, நிறுத்தியிருந்த கார்களைக் கடலுக்கு அடித்துச் சென்றது. ஏறக்குறைய 100 பேரை ஹெலிகாப்டர்கள் தூக்கிக் காப்பாற்றின, ஒருவரும் உயிரிழக்கவில்லை. அது விடுமுறைக் காலத்தின் ஒரு பிற்பகல்.

ஓடை நீர் நிறம் மாறிக் கலங்கினால், குச்சிகளும் இலைகளும் மிதந்து வந்தால், ஓசை மாறினால், பொருள்களை விட்டுவிட்டு மேட்டுக்குப் போங்கள். வேகமாக ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் உயரம் இருந்தாலே பெரியவரைச் சாய்த்துவிடும். 30 சென்டிமீட்டர் இருந்தால் குடும்பக் காரை நகர்த்திவிடும். கார்தானே, கடந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

மின் இணைப்பு எடுத்திருக்கிறோம். மழையில் தொடரலாமா?

இணைப்புகள் தரையைவிட்டு உயர்ந்திருந்து, கம்பிச் சுருள் முழுமையாகப் பிரிக்கப்பட்டிருந்தால் தொடரலாம். நீர் தேங்கத் தொடங்கினால் திடல் பொறுப்பாளரை அழைத்துக் கம்பத்தில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். தண்ணீருக்குள் நின்று நீங்களே பிளக்கைப் பிடுங்க வேண்டாம்.

நள்ளிரவில் கூடாரம் சரிந்தால் என்ன செய்வது?

முதலில் ஆட்களைக் காருக்கு மாற்றுங்கள், பிறகுதான் கூடாரம். பெம்புரோக்‌ஷயரில் ஓர் ஆகஸ்ட் இரவில் எங்கள் கூடாரத்தின் நடுக்கம்பம் இரண்டு மணியளவில் முறிந்தது. முறிந்த முனை துணியைக் கிழித்துக்கொண்டு, என் மாமியார் படுத்திருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி வந்து நின்றது. அவர் இருட்டில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நான் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் இருவரும் ஈரத்துணிக்கு அடியில் அழுதுகொண்டிருந்தார்கள். அன்று மாலை நான்கு மணிக்கே பக்கத்துக் கூடாரத்துக்காரர் பிரித்துக்கொண்டு கிளம்பியதை நான் பார்த்தேன். தங்கிவிடலாம் என்று முடிவெடுத்தவன் நான்தான்.

அதன் பிறகு எந்த முகாமிலும் ஒரே ஒழுங்குதான். கார் சாவி ஒரே இடத்தில், வாசல் கொக்கியில் தொங்கும். ஒவ்வொருவரின் தலைமாட்டிலும் டார்ச்சும் காலணியும் இருக்கும். மருந்துகள், கடவுச்சீட்டு, கைபேசி ஆகியவை ஒரு பையில், இரவில் காருக்குள் இருக்கும். காற்று எதிர்பார்க்கப்படும் இரவில் காரின் இருக்கைகளில் சாமான் இராது. முதியவர்களும் சிறு பிள்ளைகளும் இருட்டும் முன்பே காரில் உறங்கப் போய்விடுவார்கள். ஆட்கள் பத்திரமான பின், இரண்டு பெரியவர்கள் மட்டும் போய், மீதிக் கம்பங்களைத் துணியைவிட்டு உருவி, கூடாரத்தைத் தரையோடு படுக்கவைத்து, மேலே தண்ணீர்க் கேன்களை வைத்துவிட்டு வந்தால் போதும். படுத்துவிட்ட துணி பெரும்பாலும் பறக்காது.

அறுந்த மின்கம்பி எங்காவது கிடந்தால் அருகே போகாமல், பிறரையும் விலக்கி நிறுத்திவிட்டு, மின்விநியோக உதவி எண்ணான 105ஐ அழையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 999.

பாதியில் கிளம்பினால் பணம் திரும்பக் கிடைக்குமா?

திடல் திறந்திருக்கும்வரை, வானிலைக்காகப் பணம் திருப்பித் தராத இடங்களே அதிகம். சில இடங்கள் தேதியை மாற்றித் தரும். முன்பதிவு செய்யும்போதே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். காப்பீட்டைப் பொறுத்தவரை, ஆளில்லாமல் விட்டுச்சென்ற ஆனிங்கின் சேதத்தை ஏற்காத பாலிசிகள் உண்டு என்பதால், அந்தப் பகுதியைக் கிளம்பும் முன் படித்துவிடுங்கள்.

நனைந்த கூடாரத்தைச் சுருட்டி எடுத்து வந்துவிட்டோம். இப்போது?

அன்றே, தள்ளிப்போனால் மறுநாளே, பிரித்துக் காயப்போடுங்கள். இரண்டு மூன்று நாள் ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும்; அந்தக் கறையும் நாற்றமும் பிறகு போகாது. தோட்டம் இல்லாத வீடுகளில் வெளித்துணியை மாடிப்படிக் கைப்பிடியிலும், உள்துணியைக் குளியலறைக் கம்பியிலும் போட்டு, மணிக்கொருமுறை மடிப்பை மாற்றிவிட வேண்டும். தையல் ஓரங்களும் தரைவிரிப்பு வந்து சேரும் மூலைகளும் கடைசியாகத்தான் காயும். அந்த இடங்களைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, குளிர்ச்சி தெரியவில்லை என்றால் மடித்து வைக்கலாம். மடிக்கும்போதே வளைந்த முளைகளை எறிந்துவிட்டு, குறைந்த எண்ணிக்கைக்குப் புதியவை வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள்.